‘ஷாலோ’: எங்கே சொல்லலாம், எங்கே கூடாது

‘ஷாலோ’ (shallow) என்ற ஆங்கிலச் சொல்லில் ஊட்டி, கொடைக்கானல் கைடுகளும் ஹோம்ஸ்டே நடத்துபவர்களும் முதலில் சரிசெய்ய வேண்டியது உச்சரிப்பு. ‘ஷோலா’ நம் வாயில் தினமும் வரும் சொல். அந்தப் பழக்கத்தில் ‘ஷோலோ’ என்று இழுத்தால் வெளியூர்க்காரர் சோலைக்காட்டைத் தேடுவார். முதல் அசையில் ‘பேங்க்’ என்னும்போது வரும் ஒலி, அதுவும் நீட்டாமல், குறிலாக. அழுத்தமும் அங்கேதான்.

மேற்பரப்பிலிருந்து அடிவரை தூரம் குறைவு என்பதே அடிப்படைப் பொருள். ஓடையில் முழங்காலளவுத் தண்ணீர் என்றால் ‘தி ஸ்ட்ரீம் இஸ் ஷாலோ ஹியர்’. கோடையில் பைக்காரா அணையில் தண்ணீர் இறங்கியிருந்தால் அப்படிச் சொல்லக்கூடாது. ‘தி வாட்டர் லெவல் இஸ் லோ’ என்க. மட்டம் இறங்கிய அணையிலும் ஆளை முழுங்கும் ஆழம் இருக்கும். இதைக் குழப்பினால் உயிரோடு விளையாடுவதாகும். ‘ஷாலோ வாட்டர், நோ டைவிங்’ பலகையையும் ‘இறங்கிக் குளிக்கலாம்’ என்று விளக்கிவிடாதீர்கள். தலைகீழாகக் குதித்தால் தரையில் மோதிக் கழுத்து முறியும் என்ற எச்சரிக்கை அது.

உருளைக்கிழங்கை மேலாக ஊன்றியிருந்தால் ‘பிளான்டட் டூ ஷாலோ’. மண் அணைக்காவிட்டால் கிழங்கு வெளியே தெரிந்து, வெயில் பட்டுப் பச்சையாகிக் கசக்கும். சோலனைன் என்னும் நச்சும் கூடும். காற்றுக்குச் சாயும் வாட்டில் மரத்துக்கு ‘ஷாலோ ரூட்ஸ்’. அடுப்படியில், கட்லெட்டின் பாதி உயரத்துக்கு எண்ணெய் இருந்தால் ஷாலோ ஃப்ரை, முழுக மூழ்கினால் டீப் ஃப்ரை.

2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் ஏறி இரைப்பவர் ‘ஷார்ட் ஆஃப் பிரெத்’. ஒவ்வொரு மூச்சும் கொஞ்சமாக மட்டும் உள்ளே போனால்தான் ‘ஷாலோ பிரீதிங்’. டாக்டரிடம் போனில் சொல்லும்போது பார்த்ததை மாற்றிச் சொல்லாதீர்கள்.

‘ஆழ்ந்த தூக்கம்’ இல்லை என்பதற்கு ‘லைட் ஸ்லீப்’தான் வழக்கு. ஒரு ஆளை ‘ஷாலோ’ என்றால் வசை: அழகு, பணம் தவிர எதையும் யோசிக்காதவர் என்று பொருள். விஷயம் அதிகம் தெரியாதவரை அப்படிச் சொல்வது தவறு. ‘ஹி நோஸ் ஒன்லி எ லிட்டில்’ போதும்.

ஒப்பிட ‘ஷாலோயர்’, ‘ஷாலோயஸ்ட்’. ‘தி ஷாலோஸ்’ என்று பன்மையில் வந்தால் அது பெயர்ச்சொல்: ஏரியிலோ ஆற்றிலோ ஆழமில்லாத பகுதி.