மலட்டுக் கிடாரியும் ஒரு பழைய குறுஞ்செய்தியும்

கண்காட்சிக்கும் அப்புறம் இனவிருத்திக்கும் என்று ஒரு கிடாரி வாங்கினேன். கண்காட்சி வளையத்தில் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் பருவத்துக்கே வரவில்லை. கால்நடை மருத்துவர் உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இது காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்ததா?" என்று கேட்டார். விற்றவர் அதைச் சொல்லவே இல்லை.

கருவில் இரண்டு கன்றுகளின் ரத்தமும் கலந்துவிட்டால், காளையின் ஹார்மோன்கள் கிடாரியின் கருப்பையை வளரவிடாது. காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறக்கும் கிடாரிகளில் சுமார் 90 சதவீதம் மலடுதான்.

விற்றவரைக் கேட்டால், "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்றார். கோபத்தில் நானும் நான்கு வார்த்தை பேசிவிட்டேன். அது எதற்கும் உதவவில்லை.

ரத்தப் பரிசோதனைதான் உதவியது. பெற்றோர் யார் என்று அறிய வால்முடி போதும். ஆனால் இந்த ரத்தக் கலப்பைக் கண்டறிய ரத்தமே வேண்டும். கிடாரியின் ரத்தத்தில் ஆண் குரோமோசோம் உள்ள செல்கள், அதாவது கூடப் பிறந்த காளைக்கன்றின் செல்கள், இருப்பதாக அறிக்கை வந்தது. அதோடு பழைய குறுஞ்செய்திகளையும் தேடினேன். "அடுத்த வருடம் கன்று போடும்" என்று அவரே எழுதியிருந்தார்! வெறும் புகழ்ச்சி இல்லை, அது உத்தரவாதம் என்றார் வழக்கறிஞர். இரண்டையும் இணைத்து ஒரு நோட்டீஸ் அனுப்பினோம்.

வழக்கு வரை போகவில்லை. கிடாரியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறொன்று தருவதாக ஒப்புக்கொண்டார். இந்த முறை பிறப்பு விவரம், இனவிருத்தித் தகுதி எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இனப் பதிவேட்டில் உரிமை என் பெயருக்கு மாறிய பிறகுதான் வண்டியில் ஏற்றினேன்.