வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் சினிமா படிப்பு: முதல் இரண்டு வாரத்தில் நடக்கும் தவறுகள்

எக்ஸ்சேஞ்ச் மாணவராக சினிமா படிக்கப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, "முதல் ரெண்டு வாரம் ஊர் பழகட்டும், அப்புறம் படிப்பைப் பார்த்துக்கலாம்" என்று நினைப்பதுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று வருடம் படிக்க வந்தவருக்கு அது சரி, உங்கள் கையில் இருப்பது நாலைந்து மாதம். வகுப்பைச் சேர்க்கவோ விடவோ கொடுக்கும் நாட்கள், கேமரா அறையில் நடக்கும் உபகரணப் பயிற்சி, பயிற்சிப் படங்களுக்கு யார் யாரோடு சேர்வது என்ற பேச்சு, எல்லாமே பெரும்பாலும் அந்த இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். உபகரணப் பயிற்சி நடந்த அன்று நான் தங்குமிடத்துக்கான காகித வேலையில் அலைந்துகொண்டிருந்தேன். அடுத்த பயிற்சி வரும்வரை ஒரு ட்ரைபாட்கூட என் பேரில் எடுக்க முடியவில்லை. அதற்குள் வகுப்பில் குழுக்கள் சேர்ந்துவிட்டன, மிச்சமிருந்த இடத்தில்தான் நான் போய் ஒட்டிக்கொண்டேன். வங்கிக் கணக்கு ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

வகுப்புகளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு பேராசை வரும். ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஈ.சி.டி.எஸ். என்ற கிரெடிட் கணக்கில் ஒரு வருட முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட், செமஸ்டருக்கு 30. அந்த முப்பதையும் படம் எடுக்கும் வகுப்புகளாகவே நிரப்பிவிட ஆசையாக இருக்கும். ஆனால் கால அட்டவணையில் வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்று போட்டிருக்கிற தயாரிப்பு வகுப்பு, படப்பிடிப்பு வந்துவிட்டால் வார இறுதி முழுவதையும் விழுங்கிவிடும். அப்படி ஒன்று, முடிந்தால் இரண்டு எடுங்கள், மற்றதை வரலாறு, திரைக்கதை, படத்தொகுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். எதை மாற்றினாலும் உங்கள் சொந்தக் கல்லூரியின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாய்வார்த்தையை நம்பினால் திரும்பி வந்தபின் கிரெடிட் கணக்கில் ஏறாது.

அடுத்தது, தெரிந்த சொல்தானே என்று சும்மா இருந்துவிடுவது. இதில்தான் நான் பார்த்தவரை நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறோம். கால்ஷீட் என்றால் நமக்கு நடிகர் கொடுக்கும் தேதி. அங்கே கால் ஷீட் என்பது படப்பிடிப்புக்கு முதல்நாள் கைக்கு வரும் தாள்: யார் எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும், எந்தக் காட்சி, பக்கத்தில் மருத்துவமனை எங்கே என்பதுவரை அதில் இருக்கும். உதவி இயக்குநர் என்றதும் டைரக்டருக்குப் பக்கத்தில் நின்று கதையையும் நடிப்பையும் கவனிப்பவர் என்று நினைக்கிறோம், அங்கே ஃபர்ஸ்ட் ஏ.டி. (முதல் உதவி இயக்குநர்) என்பவர் நேரத்துக்கும் செட்டின் பாதுகாப்புக்கும் பொறுப்பானவர். முதல் பயிற்சிப் படத்தில் அந்த வேலையை ஆசையாகக் கேட்டு வாங்கிய நான், மானிட்டருக்கு முன்னால் நின்று நடிப்பைப் பற்றிக் கருத்து சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த ஷாட்டுக்கு லைட் மாற்ற எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேமராமேன் வந்து கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இருட்டும்போது நான்கு ஷாட் பாக்கி, அதை இயக்கிய பெண்ணின் படத்தில் அந்த நான்கும் இல்லாமலே போயின. இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

அதனால் முதல் நாளே ஒரு சின்ன நோட்டில் செட்டில் காதில் விழும் சொற்களை எழுதிக்கொண்டு, புரியாததை அன்றே கேட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் நடக்கும் செட்டில் "ஸ்ட்ரைக்கிங்" என்று யாராவது குரல் கொடுத்தால் விளக்கு எரியப்போகிறது, கண்ணைத் திருப்பிக்கொள் என்று அர்த்தம். அதே சொல்லை மேஜையைக் காட்டிச் சொன்னால் அதை எடுத்து ஓரமாக வை என்று அர்த்தம்.

தெரியாத கருவியைத் தெரிந்த மாதிரி தொடுவது இன்னொரு தவறு, இது ஆபத்தானதும்கூட. விளக்கு, திரை போன்றவற்றை ஒரு நீட்டுக் கம்பியில் தொங்கவிடும் சி-ஸ்டாண்டையே எடுத்துக்கொள்ளுங்கள், பார்த்தால் வெறும் கம்பி. அதன் மூன்று கால்களில் உயரமாக இருக்கும் கால், பாரம் தொங்கும் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். மணல் மூட்டை அந்தக் காலின் மேல்தான். பிறகு, ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று பாரத்தைப் பார்த்தால், நீட்டுக் கம்பியைப் பிடித்திருக்கும் திருகு உங்கள் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பாரம் கீழே இழுக்க இழுக்கத் திருகு இறுகும். இடதுபக்கம் வைத்துவிட்டால் அதே பாரம் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, நடிகர் தலைக்கு மேல் இருக்கும் விளக்கைக் கீழே இறக்கிவிடும். இதை ஒருமுறை காட்டச் சொல்லிக் கேட்டால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். லென்ஸ் கைமாற்றும்போதும் அப்படித்தான், வாங்குகிறவர் "பிடித்துவிட்டேன்" என்று வாயால் சொல்லும்வரை விடக் கூடாது.

சொந்தக் கேமராவோடு போகிறவர்கள் மின்சாரத்தை மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும்: ஐரோப்பாவில் நம் ஊரைப் போலவே 50 ஹெர்ட்ஸ், வட அமெரிக்காவில் 60, ஜப்பானில் கிழக்குப் பகுதியில் 50, மேற்கில் 60. ஊரில் வைத்த ஷட்டரை மாற்றாமல் 60 ஹெர்ட்ஸ் இடத்தில் அறை விளக்கில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகத் துடிப்பு ஓடும். கேமராவின் சின்னத் திரையில் சில சமயம் அது தெரியாது, வகுப்பில் பெரிய திரையில் போடும்போதுதான் தெரியும். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுப்பதாக இருந்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் எவ்வளவு நேரம் ஒளி விழ வேண்டும் என்று சொல்லும் ஷட்டர் கோணத்தை 50 ஹெர்ட்ஸ் இடத்தில் 172.8 டிகிரி, 60 ஹெர்ட்ஸ் இடத்தில் 144 டிகிரி வைத்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. மலிவான எல்.இ.டி. விளக்கு சில நேரம் இதற்கும் அடங்காது, சோதனை ஷாட் எடுத்துப் பெரிய திரையில் பாருங்கள்.

மொழி சரளமாக வராதவர்கள் வகுப்பில் வாயைத் திறக்காமலே ஒரு மாதத்தை ஓட்டிவிடுவதுண்டு. படத்தை விமர்சிக்கும் வகுப்பில் யாருக்கும் அழகான வாக்கியம் தேவையில்லை. "கதவு மூடியதும் சத்தம் நின்றது, அப்போதுதான் அவள் தனியாக இருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது" என்று கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் சொன்னால் போதும், எடுத்தவருக்கு அதைவிட உதவியான பேச்சு கிடையாது. "நன்றாக இருந்தது" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. உங்கள் படம் ஓடும் நாளில் இதற்கு நேரெதிராக இருங்கள். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை, நீங்கள் என்ன நினைத்து எடுத்தீர்கள் என்று விளக்கவே விளக்காதீர்கள். விளக்கிவிட்டால் அவர்கள் நீங்கள் சொன்னதைத்தான் பார்த்ததாகச் சொல்வார்கள், படம் தானாக என்ன சொன்னது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

முதல் பயிற்சிக்கே வசனம் நிறைந்த கதையை, அதுவும் உங்களுக்குப் பாதி தெரிந்த மொழியில் எழுதாதீர்கள். நடிகர் ஒரு வரியைச் சரியாகச் சொன்னாரா என்று உங்கள் காதுக்கே தெரியாதபோது டேக்கை எப்படி ஓகே செய்வீர்கள்? ஒருவர் ஒரு பொருளைத் தேடுகிறார், கிடைக்கவில்லை என்கிற அளவில் வசனமே இல்லாமல் எடுங்கள். வசனம் வேண்டும் என்றால் தமிழிலேயே எழுதி சப்டைட்டில் போட முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதையும் முதல் வாரத்திலேயே கேளுங்கள்: அங்கே எடுக்கும் படம் யாருக்குச் சொந்தம், விழாக்களுக்கு நீங்களே அனுப்பலாமா? சில பள்ளிகளில் உரிமை பள்ளிக்கு, சிலவற்றில் மாணவருக்கு. நடிகரின் சம்மதக் கையெழுத்தையும் இடத்துக்கான அனுமதியையும் படப்பிடிப்பு அன்றே வாங்கிவிடுங்கள், நீங்கள் விமானம் ஏறியபிறகு அந்த நடிகரைத் தேடிப் பிடிப்பது பெரும் பாடு. எடுத்தது எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, இரண்டிலும் திறந்து பார்த்தபின்தான் கார்டை ஃபார்மேட் செய்யுங்கள். ஊருக்குத் திரும்பும்போது ஒன்று பெட்டியில், மற்றொன்று கைப்பையில்.