தனிப்படிப்பு முறையில் கல்லூரி ஆயத்தப் பாடங்கள்: கலிஃபோர்னியா உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி

கலிஃபோர்னியாவின் அரசுப் பள்ளிகளில் இன்டிபென்டன்ட் ஸ்டடி எனப்படும் தனிப்படிப்பு முறை பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. நாள்தோறும் வகுப்பறைக்கு வராமல், ஒரு ஆசிரியரின் மேற்பார்வையில், எழுத்து ஒப்பந்தத்தின் அடிப்படையில் மாணவர் படித்து முடிக்கும் ஏற்பாடு அது. நீண்டகால நோயுள்ளவர், விளையாட்டிலோ கலையிலோ முழுநேரப் பயிற்சி பெறுபவர், குடும்பத்துக்காக வேலைக்குச் செல்பவர், கூட்டமான பள்ளிச் சூழல் ஒத்துவராதவர் எனப் பலவகைப்பட்டவர்கள் இதில் சேர்கிறார்கள். இவர்களில் கணிசமானோர் பல்கலைக்கழகம் செல்லும் எண்ணம் உடையவர்கள் என்பதைப் பள்ளிகள் சில வேளைகளில் மறந்துவிடுகின்றன. பள்ளிப் படிப்பை முடித்ததற்கான பட்டயம் கையில் கிடைத்த பிறகுதான், அதை மட்டும் வைத்து மாநிலத்தின் நான்காண்டு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க முடியாது என்று மாணவருக்குத் தெரியவருகிறது.

இந்த இடைவெளி எங்கே தோன்றுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். உயர்நிலைப் பள்ளிப் பட்டயத்துக்கு மாநிலச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் ஆங்கிலத்தில் மூன்று ஆண்டுகளும் கணிதத்தில் இரண்டு ஆண்டுகளும்தான். யு.சி. எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும், சி.எஸ்.யு. எனப்படும் மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்க்கைக்குக் கேட்பது ஏ-ஜி என்னும் வேறொரு பட்டியல். அதில் வரலாறு இரண்டு ஆண்டுகள், ஆங்கிலம் நான்கு, கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு, ஆங்கிலம் அல்லாத வேறு மொழி இரண்டு, காட்சி அல்லது நிகழ்த்து கலை ஒன்று, விருப்பப் பாடம் ஒன்று என மொத்தம் 15 ஓராண்டுப் பாடங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சி தரமோ அதற்கு மேலோ பெற்றிருக்க வேண்டும். யு.சி.யைப் பொறுத்தவரை இவற்றில் 11 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆகவே, தனிப்படிப்பில் சேரும் ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே நான்கு ஆண்டுக் கணக்கும் ஆலோசகரின் மேசை மீது இருந்தாக வேண்டும்.

2021 ஜூலையில் நிறைவேறிய ஏ.பி. (அசெம்பிளி பில்) 130 என்னும் மாநிலச் சட்டம் இவ்விஷயத்தில் பள்ளிகளின் கடமையைத் தெளிவாக்கியது. தனிப்படிப்பின் உள்ளடக்கம் நேரடி வகுப்பின் தரத்துக்கும் அறிவுச் சவாலுக்கும் ஏறத்தாழ இணையாக இருக்க வேண்டும் என்றும், உயர்நிலைப் பள்ளிகளில் அவற்றை நடத்தும் பள்ளி மாவட்ட நிர்வாகம் பட்டயத்துக்காக வழங்கும் ஏ-ஜி அங்கீகாரம் பெற்ற பாடங்கள் அனைத்தும் தனிப்படிப்பு மாணவருக்கும் எட்ட வேண்டும் என்றும் கல்விச் சட்டத்தின் 51747ஆம் பிரிவு கூறுகிறது. ஆக, "தனிப்படிப்பில் வேதியியல் கிடையாது" என்று வாயிலிலேயே திருப்பி அனுப்புவதற்கு இனி இடமில்லை.

பாடத்துக்கு அங்கீகாரம் பெறுதல்

ஏ-ஜி பட்டியல் பள்ளிக்குப் பள்ளி தனித்தனியானது. பக்கத்துப் பள்ளியில் ஒரு பாடம் அங்கீகாரம் பெற்றிருப்பதால் உங்கள் பள்ளியின் அதே பெயருள்ள பாடத்துக்கு எந்த உரிமையும் வந்துவிடாது. பள்ளி தர அங்கீகாரம் பெற்றதாகவோ அதற்கான தகுதிநிலையிலோ இருக்க வேண்டும்; கலிஃபோர்னியாவில் இது பெரும்பாலும் வாஸ்க் என்னும் பள்ளித் தர அங்கீகார அமைப்பின் வழியாக நடக்கிறது. புதிய பாடங்களை யு.சி.யின் இணைய வாயிலில் ஆண்டுதோறும் பிப்ரவரி 1 முதல் செப்டம்பர் 15 வரை சமர்ப்பிக்கலாம். கடைசி வாரத்துக்காகக் காத்திருப்பது நல்லதல்ல. திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினால் மீண்டும் எழுத அவகாசம் வேண்டும் அல்லவா?

பாட வரைவு எழுதும்போது பாடத்தின் நோக்கம், முன்தகுதி, அலகுகளின் சுருக்கம், ஒவ்வோர் அலகிலும் மாணவர் செய்யும் முக்கியப் பணி, நூல்களும் கருவிகளும் ஆகியவற்றைத் தர வேண்டும். இவற்றில் முக்கியப் பணி என்ற பகுதிதான் பாடத்தின் உண்மையான கனத்தைக் காட்டுகிறது. "மாணவர் நாவலைப் படித்து வினாக்களுக்கு விடை எழுதுவார்" என்ற வரி வாசிப்பவரிடம் எந்த நம்பிக்கையையும் ஏற்படுத்தாது. "இரு கதைமாந்தரின் முடிவுகளை ஒப்பிட்டு, மேற்கோள்களுடன் நான்கு பக்கக் கட்டுரை எழுதுவார், ஆசிரியரின் குறிப்புகளைப் பெற்று ஒருமுறை திருத்தி எழுதுவார்" என்று எழுதினால் பணியின் அளவும், ஆசிரியரின் பங்கும், மதிப்பீடு நடக்கும் விதமும் ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

வகுப்பறையில் நடக்கும் பாடத்தை மாற்றமின்றித் தனிப்படிப்புக்குக் கொண்டுவருவதற்கும், முற்றிலும் ஆன்லைனில் நடக்கும் பாடத்தை வாங்கிப் பயன்படுத்துவதற்கும் நடைமுறை வேறுபடும். வெளி நிறுவனம் தயாரித்த ஆன்லைன் பாடமாக இருந்தால், அந்த நிறுவனத்தின் பாடம் ஏற்கெனவே யு.சி.யின் அங்கீகாரம் பெற்றதா என்று சரிபார்த்த பிறகே உங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும். விற்பனையாளரின் விளம்பரத் தாளை நம்பிப் பணம் கட்டிவிட்டுப் பிறகு பட்டியலைத் தேடுவது தலைகீழான வரிசை.

இன்னொரு சிறு விஷயத்தையும் விடக் கூடாது. மதிப்பெண் பட்டியலில் அச்சாகும் பாடப் பெயரும் ஏ-ஜி பட்டியலில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். பதிவேட்டில் தனிப்படிப்புப் பாடங்களுக்கு மட்டும் வேறு குறியீடும் சுருக்கப் பெயரும் இட்டு வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு. அது உள்ளூர் வசதிக்காகச் செய்ததுதான் என்றாலும், சேர்க்கை அலுவலர் பார்க்கும்போது அங்கீகாரம் இல்லாத பாடமாகத் தோன்றக்கூடும்.

ஒப்பந்தம்

எழுத்து ஒப்பந்தம் இல்லாத தனிப்படிப்பு சட்டத்தின் பார்வையில் வருகைக் கணக்கிலேயே சேராது. நீண்ட காலத் திட்டமாக இருந்தால், படிப்பு தொடங்குவதற்கு முன்பே மாணவரும், அவர் பதினெட்டு வயது நிறையாதவராயின் பெற்றோரும், பொறுப்பாசிரியரும் கையெழுத்திட வேண்டும். ஓர் ஒப்பந்தம் ஒரு கல்வியாண்டுக்கு மேல் செல்லாது. பணிகளை எங்கே, எப்போது, எப்படி ஒப்படைப்பது, பணி கொடுத்த நாளுக்கும் ஒப்படைக்க வேண்டிய நாளுக்கும் இடையே அதிகபட்சம் எவ்வளவு காலம், எத்தனை பணிகள் தவறினால் இம்முறை மாணவருக்கு ஏற்றதா என்று மறுஆய்வு நடக்கும், எத்தனை கிரெடிட், கணினியும் இணைய இணைப்பும் பள்ளி தருகிறதா என்பன எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். இம்முறை விருப்பத்தின் பேரில் தேர்ந்தெடுத்தது, எவரையும் இதில் கட்டாயப்படுத்திச் சேர்க்கவில்லை என்ற வாசகமும் அவசியம். சிறப்புக் கல்வித் திட்டத்தில் உள்ள மாணவர் என்றால், அவருடைய தனிநபர் கல்வித் திட்டமே தனிப்படிப்பை அனுமதித்திருக்க வேண்டும்.

கல்லூரி ஆயத்தப் பாடங்களைப் பொறுத்தவரை ஒப்பந்தத்தின் கால இடைவெளிப் பகுதியில் தாராளம் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து. பணிக்கு நான்கு வாரம் கொடுத்தால், இரண்டாம் நிலை அல்ஜீப்ரா படிக்கும் மாணவர் முதல் மூன்று வாரம் புத்தகத்தைத் திறப்பதே அரிது. நான்காம் வாரம் விடைத்தாள் வந்து சேரும்; புரிதல் வந்து சேர்ந்ததா என்பது ஆசிரியருக்குத் தெரியாது. இத்தகைய பாடங்களில் ஒரு வார இடைவெளியே போதுமானது. மறுஆய்வுக்கான எண்ணிக்கையையும் இரண்டு அல்லது மூன்று பணிகளாக வைத்துக்கொள்வது மாணவரின் நன்மைக்கே. மறுஆய்வின் முடிவை எழுதி மாணவரின் பதிவில் சேர்த்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

கல்விச் சட்டத்தில் பாட அடிப்படையிலான தனிப்படிப்பு என்று மற்றொரு வழியும் உண்டு. அதில் ஒவ்வொரு பாடமும் வகுப்பறைப் பாடத்துக்கு நிகரான கடுமையும் தரமும் உடையது என்று பள்ளி வாரியம் ஆண்டுதோறும் சான்றளிக்க வேண்டும். தேர்வுகள் மேற்பார்வையாளர் முன்னிலையில் நடக்க வேண்டும். எழுத்து வேலை கூடுதல்தான். ஆனால், எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பருவத் தேர்வுகளை நேரில் நடத்தும் பழக்கத்தைக் கடைப்பிடிப்பது நல்லது. மதிப்பெண்ணின் நம்பகத்தன்மை குறித்துக் கேள்வி எழுந்தால் காட்டுவதற்கு அதைவிட வலுவான சான்று வேறில்லை.

வாரந்தோறும் நடக்க வேண்டியது

ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒருமுறையேனும் ஆசிரியர் மாணவருடன் நேரலையில் பாடம் நடத்தும் வாய்ப்பை நீண்ட காலத் திட்டங்கள் தர வேண்டும். வருகை என்பது இங்கே நாற்காலியில் அமர்ந்த நேரமல்ல. மாணவர் ஒப்படைத்த பணிக்கு எத்தனை நாள் உழைப்பு மதிப்பு உண்டு என்று தகுதிச் சான்றுள்ள ஆசிரியர் தாமே பார்த்து முடிவு செய்வதே வருகைக் கணக்கின் அடிப்படை. எனவே ஆசிரியரின் கையெழுத்துக்குப் பின்னால் மாதிரிப் பணிகள் கோப்பில் இருந்தாக வேண்டும். தணிக்கையாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

வாரச் சந்திப்பை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் பாடத்தின் உயிர் இருக்கிறது. பணித்தாளை வாங்கி அடுத்த தாளைக் கொடுத்து அனுப்பும் பதினைந்து நிமிடச் சந்திப்பு கல்லூரி ஆயத்தம் ஆகாது. இருபடிச் சமன்பாடு படிக்கும் மாணவர் முப்பது கணக்குகளைச் சரியாகச் செய்து கொண்டுவந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எண்களை மட்டும் மாற்றி, வெற்றுத்தாளில் அங்கேயே செய்யச் சொல்ல வேண்டும். x² + 6x + 2 = 0 என்று எழுதி வர்க்கப் பூர்த்தி முறையில் தீர்க்கச் சொன்னால், இருபுறமும் 7 கூட்டி (x + 3)² = 7 என்று மாணவர் எழுதுகிறாரா, அல்லது 9 எங்கிருந்து வருகிறது என்று தடுமாறுகிறாரா என்பது இரண்டே நிமிடங்களில் தெரிந்துவிடும். செயலியிடம் விடை கேட்டு எழுதியவரும் தாமே புரிந்து செய்தவரும் அந்த இரண்டு நிமிடங்களில் பிரிந்துவிடுவார்கள். ஆங்கிலப் பாடத்துக்கும் இதே வழிதான்: கட்டுரையின் ஒரு பத்தியைக் காட்டி, இந்த மேற்கோளை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

சிக்கலான மூன்று பிரிவுகள்

அறிவியலில்தான் தனிப்படிப்புப் பள்ளிகள் பெரும்பாலும் இடறுகின்றன. ஏ-ஜி பட்டியலின் அறிவியல் பாடத்தில் வகுப்பு நேரத்தின் குறைந்தது 20 சதவீதம் கையால் செய்யும் ஆய்வுப் பணியாக இருக்க வேண்டும். ஓராண்டுப் பாடத்துக்கு 120 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஆய்வுக்கு 24 மணி நேரம். 36 வாரங்களுக்குப் பங்கிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 80 நிமிடம். இதற்கு வாரத்தில் ஒரு பிற்பகலை ஆய்வக நாளாக ஒதுக்கி, தனிப்படிப்பு மாணவர்களை ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாக வரவழைப்பது எளிய தீர்வு. அமில-காரத் தரம் பார்த்தலில், பியூரெட் என்னும் அளவுக் குழாயைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிறம் மறையாமல் நிற்கும் கணத்தில் நிறுத்தி அளவைக் குறிக்கும் பயிற்சியைக் காணொளி தந்துவிட முடியாது. நோட்டில் மாணவர் எழுதும் மூன்று அளவீடுகளும் அவற்றின் சிறு வேறுபாடுகளும் அவர் அங்கே இருந்தார் என்பதற்குச் சான்று.

மொழிப் பாடத்தில் பேச்சும் கேட்டலும் இல்லாமல் எழுத்துப் பயிற்சி மட்டும் போதாது. நேரலை நேரத்தின் பெரும்பகுதியை உரையாடலுக்கே ஒதுக்கிவிடலாம். வீட்டிலேயே வேறு மொழியில் தேர்ச்சி பெற்ற மாணவர் என்றால், அத்தேர்ச்சியைப் பள்ளி சான்றளித்து இத்தேவையை நிறைவுசெய்யும் வழியும் உண்டு. வீட்டுமொழி தமிழாக உள்ள பெற்றோர் ஆலோசகரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது பயன் தரும். கலைப் பாடத்தில் ஒரே கலைத் துறையில் ஓராண்டு முழுவதும் படித்திருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

உயர்நிலைப் பாடங்களும் மீட்சியும்

ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்ற பெயரை, அதாவது பள்ளியிலேயே நடக்கும் கல்லூரித் தரப் பாடம் என்ற பெயரை, ஒரு பாடத்துக்கு இட வேண்டுமானால், அதை நடத்தும் ஆசிரியர் அத்திட்டத்தை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் பாடத் தணிக்கைக்கு உட்பட்டு ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். தனிப்படிப்புக்குப் போதிய ஏ.பி. ஆசிரியர்கள் கிடைக்காத சிறு பள்ளிகளுக்குச் பள்ளியில் படித்தபடியே கல்லூரிப் பாடமும் படிக்கும், சமுதாயக் கல்லூரியுடன் இணைந்த இரட்டைச் சேர்க்கையே மேலான வழி என்று சொல்வேன். நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றத்தக்க மூன்று செமஸ்டர் யூனிட் கல்லூரிப் பாடம் ஒன்றை, ஏ-ஜி கணக்கில் உயர்நிலைப் பள்ளியின் ஓராண்டுப் பாடத்துக்குச் சமமாக யு.சி. கொள்கிறது. நேர அட்டவணை நெகிழ்வாக உள்ள தனிப்படிப்பு மாணவர் பகல் வகுப்புக்கே கல்லூரிக்குப் போய்வர முடியும். வழக்கமான பள்ளியில் படிப்பவருக்கு அந்த வசதி கிடைப்பதில்லை.

மாணவருக்கு டி தரம் வந்துவிட்டால் பட்டயத்துக்கு அது போதுமே என்று விட்டுவிடக் கூடாது. அந்தப் பாடத்தைத் திரும்பப் படித்து சி பெறலாம். கணிதத்திலும் மொழியிலும் மேல்நிலைப் பாடத்தில் சி பெற்றால் கீழ்நிலைப் பாடத்தின் குறையை அது ஈடுசெய்யும். ஆங்கிலத்துக்கு இந்தச் சலுகை இல்லை என்பதால், ஆங்கிலத்தில் டி பெற்றவரைக் கோடையிலேயே மீண்டும் சேர்த்துவிடுவது நல்லது. நான்கு வாரத் தொடர்ச்சியில் வருகைக் கணக்கு 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மாணவரை மீண்டும் படிப்பில் ஈடுபடுத்தும் மீளிணைப்பு நடவடிக்கைகளைத் தொடங்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. மாணவர் வகுப்பறைக்குத் திரும்ப விரும்பினால் ஐந்து கல்வி நாட்களுக்குள் இடம் தர வேண்டும். அப்படித் திரும்புகிறவரின் முடிக்காத அலகுகளின் பட்டியலையும், அதுவரை பெற்ற மதிப்பெண்களையும் பொறுப்பாசிரியர் புதிய வகுப்பாசிரியரிடம் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். பருவத்தின் நடுவில் திரும்புகிறவருக்கு அந்த ஒரு தாள் இல்லையென்றால், படித்து முடித்த அலகுகளையே மறுபடியும் படிக்க நேரும்.