'சாதாரண பவுடர்' விளம்பரத்தை மேடையில் கலாய்ப்பது எப்படி?

சலவைப் பவுடர் டிவி விளம்பரத்தில் எப்போதும் இரண்டு வாளி. ஒன்றில் 'எங்கள் பவுடர்', இன்னொன்றில் 'சாதாரண பவுடர்'. இந்தச் சாதாரணத்துக்குப் பெயரும் கிடையாது, விலையும் கிடையாது, எந்தக் கடையிலும் கிடைக்காது. தோற்பது மட்டும்தான் வேலை. ஆண்டுவிழாவில் மூன்று நிமிட நாடகமாகப் போட வேண்டுமானால் அந்தத் தோற்கிறவனையே கதாநாயகனாக்குங்கள். ஜெயிக்கிறவரைச் சுற்றி எழுதினால் அதுவும் ஒரு விளம்பரமாகிவிடும்.

ஆட்கள் மூன்று பேர்: வெள்ளைக் கோட்டு நிபுணர், கறைச் சட்டை அம்மா, அட்டைப்பெட்டிக்குள் நிற்கும் சாதாரணம். பெட்டிக்கு வெறும் சாம்பல் நிறம் அடியுங்கள். நிஜப் பிராண்டின் நிறமோ வடிவமோ எட்டிப் பார்க்கவே கூடாது. உஜாலா சொட்டுநீல விளம்பரம் ஒன்றில் எதிராளியின் பெயரைச் சொல்லவே இல்லை. ஆனாலும் காட்டிய புட்டி ராபின் புளூதான் என்று வழக்கு வந்து, 1999-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தடை போட்டது. என் சரக்குதான் உலகிலேயே உசத்தி என்று புளுகலாம், அடுத்தவன் சரக்கு மட்டம் என்று சொல்லக்கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

கறை வித்தைக்கு இரண்டு வெள்ளைப் பருத்தித் துண்டுகளை வடிகஞ்சியில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். மேடையேறும் முன் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தான பீட்டாடின் திரவத்தில் ஒரு ஸ்பூனை மூன்று ஸ்பூன் தண்ணீரில் கலந்து தெளித்தால், கஞ்சியும் அயோடினும் சேர்ந்து கருநீலக் கறையாகும். கடைசி வரிசைக்கும் தெரியும். நிபுணரின் வாளியில் இரண்டு லிட்டர் தண்ணீர், அதில் 500 மி.கி. வைட்டமின் சி மாத்திரை நான்கைப் பொடித்துப் போடுங்கள். துண்டை முக்கி அலசினால் கறை போய்விடும். மாத்திரையின் ஆரஞ்சு நிறம் தெரியாமலிருக்க அடர்நிற வாளி நல்லது. சாதாரணத்தின் வாளியில் பச்சைத் தண்ணீர் மட்டும்.

சொதப்பும் இடங்கள் இரண்டு. முந்தின நாளே கறை போட்டால் அயோடின் ஆவியாகி வெளிறிவிடும். சாதாரணத்தின் வாளியில் யாராவது வெந்நீர் ஊற்றிவிட்டால் அங்கேயும் கறை மறைந்து, நிபுணர் பேந்தப் பேந்த விழிக்க வேண்டியதுதான்.

வசனம் சுருக்கமாக இருக்கட்டும். "பேரு?" "சாதாரணம்." "அப்பா பேரு?" "மற்றவை." நிபுணர் "பத்து மடங்கு வெண்மை!" என்றதும், திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் மூச்சுவிடாமல் "நிபந்தனைகளுக்குட்பட்டது, துவைக்காத துணியோடு ஒப்பிடும்போது" என்று ஓட்ட வேண்டும். இந்த வரியை மட்டும் பலமுறை ஒத்திகை பாருங்கள். வேகம் குறைந்தாலும் சிரிப்பு வராது, வார்த்தை புரியாவிட்டாலும் வராது.

கடைசியில் அம்மா பொறுமை இழந்து, சாதாரணத்தின் வாளியில் ஒரு செம்பு வெந்நீரும் ஒரு கைப்பிடி சலவைச் சோடாவும் போடுகிறார். சோடா கட்டாயம், வெறும் வெந்நீரென்றால் ஆறியதும் நீலம் திரும்பி வரலாம். கையில் உறையும் போட்டுக்கொள்ளட்டும். துண்டு வெளுத்ததும் நிபுணர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக் கூவ வேண்டும்: "இதோ, புத்தம் புதிய மேம்படுத்தப்பட்ட சாதாரணம்! விலை மட்டும் இரண்டு மடங்கு!" உடனே திரையை இழுத்துவிடுங்கள்.