கோல்ஃப் வண்டியின் லித்தியம் பேட்டரியில் வெப்பநிலையைக் கண்காணிக்கும் முறை

பழைய ஈய அமில பேட்டரிகளைக் கழற்றிவிட்டு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்களைப் பொருத்திய கோல்ஃப் வண்டிகளில், திரையில் தெரியும் ஒற்றை வெப்பநிலை எண்ணையே பலரும் நம்பியிருக்கிறார்கள். 48 வோல்ட் வண்டியில் வழக்கமாக 16 செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் சூடேறும்போது, வேறொரு மூலையில் ஒட்டப்பட்ட சென்சாருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே ஒரு செல்லுக்கும் இன்னொரு செல்லுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படும்படி சென்சார்களை அமைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இதற்குக் குறைந்தது நான்கு சென்சார்கள் வேண்டும். வெப்பம் எளிதில் வெளியேற முடியாத நடுச் செல்லின் அகன்ற பக்கத்தில் ஒன்றும், ஓரத்துச் செல்லில் ஒன்றும், முழு மின்னோட்டமும் கடந்து செல்லும் முதன்மை டெர்மினலுக்கு அருகில் ஒன்றும், பி.எம்.எஸ். எனப்படும் பேட்டரி மேலாண்மைப் பலகையின் வெப்பத்தகட்டில் ஒன்றும் பொருத்துங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் முதன்மை இணைப்பைத் துண்டித்து, மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிடுங்கள். செல்லின் அலுமினிய உறையை மின்சாரம் அற்றதாக எண்ணிவிடக் கூடாது. வண்டியின் அதிர்வில் சென்சார் வயர் உரசி உரசி, உறையின் மேலுள்ள மெல்லிய நீலப் படலத்தையும் தன் காப்பையும் தேய்த்துவிட்டால் ஷார்ட் ஏற்படும். எனவே வெப்பம் தாங்கும் காப்பு டேப்பான கேப்டன் (Kapton) டேப்பை அடியில் ஒட்டி, அதன் மேல் சென்சாரை வைத்து, மீண்டும் ஒரு டேப்பால் அழுத்தி, காற்று பட்டுக் குளிராமல் இருக்க மேலே சிறு நுரைத் துண்டு ஒன்றை வையுங்கள்.

ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு சென்சாரையும் மல்டிமீட்டரில் சோதித்துவிட வேண்டும். பரவலாகப் பயன்படும் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் (சூடு ஏற ஏற மின்தடை குறையும் சென்சார்), 25 டிகிரி செல்சியஸில் 10 கிலோ ஓமும், பனிக்கட்டி மிதக்கும் நீரில் அதன் வகையைப் பொறுத்து ஏறத்தாழ 27 முதல் 33 கிலோ ஓம் வரையும் காட்டும். பீட்டா மதிப்பு, அதாவது வெப்பநிலையோடு மின்தடை எவ்வளவு வேகமாக மாறும் என்பதைக் குறிக்கும் எண், 3435 கொண்ட சென்சாரை, 3950-க்கு அமைக்கப்பட்ட பி.எம்.எஸ்ஸில் இணைத்தால், அறை வெப்பநிலையில் எல்லாம் சரியாகவே தோன்றும். ஆனால் செல் 60 டிகிரியைத் தொடும்போது திரை ஏறத்தாழ 55 என்றுதான் சொல்லும். ஆபத்தான பக்கம் நோக்கிய பிழை என்பதால் இதை நான் மிகவும் வலியுறுத்துகிறேன்.

இந்த வகைச் செல்களை 0 முதல் 45 டிகிரி வரை சார்ஜ் செய்யலாம் என்றும், 60 டிகிரி வரை டிஸ்சார்ஜ் செய்யலாம் என்றும் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள்; உங்கள் செல்லின் விவரத்தாளே இறுதியானது. செல்லின் உட்பகுதி மேற்பரப்பைவிடச் சூடாக இருக்கும் என்பதால், டிஸ்சார்ஜுக்கு 50 டிகிரியில் எச்சரிக்கையும் 55-இல் துண்டிப்பும் அமைப்பது நல்லது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் கிராஃபைட்டின் மேல் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் உண்டாகும். ஆகவே கீழ் எல்லையை 5 டிகிரியாக வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் மின்னோட்டமும் சார்ஜ்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குளிர்ந்த காலையில் மேட்டிலிருந்து வண்டியை இறக்குவதாக இருந்தால், கன்ட்ரோலரில் அந்த வசதியை முன்பே குறைத்து வையுங்கள்.

நான் மாற்றியமைத்த ஒரு வண்டியில், ஏற்றம் ஏறியதும் ஏழாவது செல் மட்டும் அண்டைச் செல்களைவிட 9 டிகிரி கூடுதலாகக் காட்டியது. செல் பழுதோ என்று அஞ்சி, செல்களை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரைக் கழற்றினேன். போல்ட்டின் தலைக்கு அடியில் இருக்க வேண்டிய ஸ்டீல் வாஷர், பஸ்பாருக்கும் டெர்மினலுக்கும் நடுவே சிக்கியிருந்தது. இணைப்பில் 1 மில்லி ஓம் மின்தடை கூடினாலே, 200 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 40 வாட் வெப்பம் பிறக்கும். வாஷரை இடம் மாற்றி, தொடுபரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, குறிப்பிட்ட முறுக்குவிசையில் இறுக்கியதும் வித்தியாசம் 1 டிகிரிக்குள் அடங்கியது.

ஆகவே முதல் சில ஓட்டங்களில், ஒரே ஏற்றத்தில், ஒரே சுமையோடு ஓட்டி எல்லா அளவுகளையும் நோட்டில் குறித்து வையுங்கள். அகச்சிவப்பு வெப்பமானியால் பஸ்பார்களையும் பார்க்கலாம். ஆனால் பளபளக்கும் உலோகம் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும் என்பதால், அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டு ஒன்றை ஒட்டி அதன் மீது குறிவையுங்கள். பிறகு எப்போதாவது ஒரு செல் தன் வழக்கமான வித்தியாசத்தைவிட 5 டிகிரி விலகினால், துண்டிப்பு எல்லை வரும்வரை காத்திராமல் வண்டியை நிறுத்தி, ஆறியபின் முதலில் அதன் இணைப்புகளைச் சோதியுங்கள்.