ரிசர்வ் படைப் பயிற்சி மையம்: நாட்காட்டியிலிருந்து தொடங்கும் வடிவமைப்பு

அமெரிக்க ராணுவத்தின் ரிசர்வ் படை வீரர்கள், அதாவது தேவைப்படும்போது அழைக்கப்படும் பகுதிநேர வீரர்கள், பொதுவாக மாதத்தில் ஒரு வார இறுதியிலும் ஆண்டில் இரண்டு வாரங்களும் பயிற்சிக்கு வருகிறார்கள். மற்ற நாட்களில் மையத்தில் இருப்பவர்கள் முழுநேரப் பணியாளர்கள் சிலரே. எனவே எரிசக்தியும் நீரும் வீணாகாதபடி இத்தகைய மையத்தை வடிவமைப்பவர், வரைபடத்தில் கை வைக்கும் முன், அங்கே இடம்பெறவுள்ள ஒவ்வொரு பிரிவின் பயிற்சி நாட்காட்டியையும் கேட்டு வாங்க வேண்டும். பிரிவுகள் வெவ்வேறு வார இறுதிகளில் வருமாறு முறை வைத்தால், வகுப்பறைகளையும் பயிற்சிக் கூடத்தையும் பொதுவாக்கிக் கட்டடப் பரப்பையே குறைத்துவிடலாம். சூரியத் தகடுகளைப் பற்றிப் பேசுவது அதற்குப் பிறகுதான்.

குளிரூட்டலையும் காற்றோட்டத்தையும் தனித்தனி மண்டலங்களாகப் பிரித்து, பெரிய கூடங்களில், ஆட்கள் விடும் மூச்சைக் கொண்டு அவர்கள் இருப்பதை அறியும் கரியமில வாயு உணரிகளைப் பொருத்தினால், ஆளில்லாத கூடத்துக்காக இயந்திரம் வீணே ஓடாது. ஆயுத அறை மட்டும் விதிவிலக்கு: துப்பாக்கிகள் துருப்பிடிக்காதிருக்க அங்கே ஈரப்பதத்தை எந்நாளும் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பதால், அதற்கெனச் சிறிய தனிக் கருவி வைப்பதே சிக்கனம்.

வெந்நீரில்தான் கணக்கு பெரும்பாலும் தவறுகிறது. அமெரிக்காவின் 2007ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டம், ஆயுட்காலச் செலவில் கட்டுப்படியாகுமானால், புதிய கூட்டரசுக் கட்டடத்தின் வெந்நீர்த் தேவையில் 30 சதவீதத்தைச் சூரிய வெப்பத்திலிருந்து பெறச் சொல்கிறது. ஆனால் குளியலறைகள் சனி, ஞாயிறில் மட்டும் நிறையும் கட்டடத்தில், வாரம் முழுதும் சேரும் வெப்பம் பயனின்றிக் கிடக்கும். குழாய்களில் வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமியும் பெருகும். ஆகவே தொட்டியைச் சுமார் 60 பாகை செல்சியஸில் வைத்து, குழாய்ப் பாதைகளைச் சுருக்கி, தானாகத் திறந்து நீரை வெளியேற்றும் வால்வுகளையும் அமைக்க வேண்டும். இந்த ஏற்பாடுகளின் செலவையும் சேர்த்த பிறகே சூரிய வெந்நீர் கட்டுப்படியாகுமா என்று முடிவெடுக்கலாம்.

அதே சட்டத்தின்படி, 5,000 சதுர அடிக்கு மேற்பட்ட திட்டங்களில், கட்டுமானத்துக்கு முன் மழைநீர் அந்நிலத்தில் எவ்வாறு ஓடியதோ அந்நிலையை இயன்றவரை காக்க வேண்டும். மழைநீரைத் தேக்கி மண்ணில் இறங்கவிடும் பள்ளமான மழைத் தோட்டங்களும் நீர் ஊடுருவும் தளமும் இதற்கு உதவும். ஆனால் பாதுகாப்பு விதிகள் குறுக்கிடும் என்பதை மறக்கக் கூடாது: சுவரையொட்டிய திறந்த வெளியில் ஒரு வெடிகுண்டுப் பொட்டலம் மறையும் அளவுக்குப் புதர் வளரக் கூடாது என்பதால், அடர்ந்த செடிகளைத் தொலைவில் வைத்து, அருகில் குட்டையான புல்லோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கனரக வாகனங்கள் நிற்கும் முற்றத்துக்கு ஊடுருவும் தளம் சரிப்படாது. அங்கே கான்கிரீட்டும், வண்டி கழுவுமிடத்தில் எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் நீர் மறுசுழற்சியும் தேவை.

மின்சாரத்துக்குக் கலிஃபோர்னியாவிலுள்ள ஃபோர்ட் ஹன்டர் லிகெட் ரிசர்வ் தளத்தைப் பார்க்கலாம். 2011இல் நிகர சுழிய எரிசக்தி (ஆண்டில் பயன்படுத்தும் அளவு எரிசக்தியைத் தானே உற்பத்தி செய்தல்) முன்னோடித் திட்டத்துக்குத் தேர்வான அத்தளத்தில், வாகன நிறுத்துமிடத்தின் மேல் சூரியத் தகடுகளே நிழற்கூரையாக அமைந்தன.

கட்டடத்தை ஏற்கும் முன் சோதனை ஓட்டத்தை இருமுறை நடத்தச் சொல்லுங்கள்: ஆட்கள் நிறைந்த ஒரு பயிற்சிச் சனிக்கிழமையில் ஒன்று, யாரும் வராத வார நாளில் மற்றொன்று.