போர்டிகோ ஓரத்து இட்லிப்பூச் செடி மஞ்சளானபோது

போர்டிகோ சுவரை ஒட்டியிருந்த இட்லிப்பூச் செடிகளில் தளிரெல்லாம் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இது இரும்புச்சத்துக் குறை. வீடு கட்டியபோது புதைந்த சிமென்ட், சுண்ணாம்புக் காரை மண்ணைக் காரமாக்கிவிட்டால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அதனால் சுவரிலிருந்து 2½ அடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, காரையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, செம்மண்ணும் மக்கிய சாண எருவும் கலந்து நிரப்பி, வேர்மண் உடையாமல் செடியை மாற்றி வைத்தேன். அப்புறம் லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்துச் சாயங்காலத்தில் இலையில் தெளித்தேன். புதுத் தளிர் பச்சையாகவே வருகிறது. தெளிக்கும்போது டைல்ஸ் மேல் பழைய சாக்கை விரியுங்கள், துருக்கறை லேசில் போகாது. வெயில் விழாத வாசல் என்றால் இட்லிப்பூ சரியாகப் பூக்காது, அங்கே நிழல் தாங்கும் இலையழகுச் செடியான டிரசீனா வையுங்கள்.